குறைந்தால் நல்லதுதானே?

சென்ற வாரங்களில் இந்தப் பகுதியில் கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பற்றி எழுதினோம். ராயக்கோட்டைத் தக்காளி விலை விழுந்ததைப் பற்றி எழுதினோம். பரீட்சை வினாத்தாள்களைப் பற்றியும் எழுதினோம். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இந்த வாரத்து விஷயத்தைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர் மட்டும், "உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருந்துகொண்டு இதையெல்லாமா எழுதுவது? ஸ்திரீகள் சங்கதியை ஸ்திரீகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். அந்த முகச் சுளிப்பைக் கண்ட பிறகு, எழுதியே தீருவது என்று தீர்மானித்தோம்.

விஷயம் மாதவிடாயைப் பற்றியது. அதிலும் அது குறைந்துபோவதைப் பற்றியது. உதிரப் போக்கு அதிகமானால் வீடு பதறுகிறது. குறைந்தாலோ இரண்டு விதமான அபிப்பிராயங்கள் எழுகின்றன. வேலைக்குப் போகும் பெண், "தொல்லை விட்டது" என்று சந்தோஷப்படுகிறாள். வீட்டிலுள்ள பாட்டியம்மாள், "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது, உடம்பு ஊதப் போகிறது" என்று எள்ளையும் வெல்லத்தையும் இடிக்கத் தொடங்குகிறாள். இரண்டு அபிப்பிராயங்களும் பிசகானவை என்பதை நாமே சமீபத்தில்தான் கற்றுக்கொண்டோம். கற்பித்தவள் நம்மிடம் முன்பு படித்த ஒரு மாணவி.

சூளகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராகியும் கொள்ளும் பயிரிடும் குடும்பத்துப் பெண் அவள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட காலத்திலிருந்து இந்த எல்லைப் பிரதேசம் அடியோடு மாறிவிட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் ஆகியவற்றோடு இப்போது கைப்பேசி உறுப்புகளும் இங்கே உற்பத்தியாகின்றன. அதிகாலையில் நெடுஞ்சாலையில் நின்றால், சீருடை அணிந்த பெண்களை ஏற்றிய பஸ்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். நம் ஜில்லாப் பெண்கள் மட்டுமல்ல. ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்து வந்த பெண்களும் இங்கே விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். பெண் சம்பாதிப்பதால் குடும்பம் தலை நிமிர்கிறது. பதினாறு வயதில் நடக்கவிருந்த கல்யாணம் இருபத்திரண்டுக்குத் தள்ளிப் போகிறது. இதில் நமக்கு மிகுந்த மகிழ்ச்சியே.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அந்தப் பெண்ணும் அவள் தாயாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டோம். தாயாரோ நம்மிடம் இரண்டு வார்த்தை க்ஷேமம் விசாரித்துவிட்டு, "அக்கா, உங்ககிட்டே தனியா ஒரு வார்த்தை" என்று நம் சகதர்மிணியைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாட்டில் முதலாவதாக ஓடியவள், இப்போது துணிக்குள் தேட வேண்டிய அளவுக்கு மெலிந்திருந்தாள்.

சங்கதியைச் சகதர்மிணி பிற்பாடு சொன்னாள். மாதாமாதம் ஐந்து நாள் இருந்தது மூன்று நாளாகி, பிறகு ஒரே நாளாகி, கடைசியில் பெயருக்கு ஓர் அடையாளமாக நின்றுவிட்டது. பெண் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. "குறைஞ்சா நல்லதுதானே, அம்மா? லைன்ல நிக்கிற நேரத்துல தொந்தரவு இல்லை" என்றாளாம். அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பிறக்குமோ பிறக்காதோ என்ற பயமும், ஊரார் வேறு விதமாகப் பேசுவார்களோ என்ற பயமும் சேர்ந்து தாயாரை இரண்டு மாதமாகத் தூங்கவிடவில்லை.

மறுநாளே சகதர்மிணி அவர்கள் இருவரையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். அங்கே இருந்த லேடி டாக்டர் பொறுமைசாலி. தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசினாராம். எடை பார்த்தார், முப்பத்தெட்டு கிலோ. வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பத்தாறு. "காலையிலே என்னம்மா சாப்பிடறே?" என்றார். டீ. "ராத்திரி ஷிப்டு முடிந்து வந்ததும்?" படுக்கை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும் வேலையில், பசிக்கும் வேளையும் தூங்கும் வேளையும் தடுமாறிப் போயிருந்தன.

கடைசியாக, "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். "வயிற்று வலி வந்தால் சூப்பர்வைசர் அக்கா கொடுப்பாங்க, மேடம்." "என்ன மாத்திரை?" "வெள்ளையா, வட்டமா இருக்கும். பேரு தெரியாது. அட்டையில்லாம கையிலே கொடுப்பாங்க."

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண் அவள். தன் வாய்க்குள் மாதந்தோறும் போன மாத்திரையின் பெயரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இது ஏதோ ஒரு பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தாம்ஸன் ராய்ட்டர்ஸ் ஸ்தாபனத்தின் நிருபர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களைக் கண்டு பேசி, 2019-ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பேசிய அத்தனை பெண்களுக்கும் மாதவிடாய் வலிக்கென்று வேலை செய்யும் இடத்திலேயே பெயர் குறிக்காத மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. மாத்திரையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். தங்கள் உடல் நலம் கெட்டதாகப் பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். வலித்தால் ஒரு நாள் ஓய்வு கொடுப்பதைக் காட்டிலும் ஒரு மாத்திரை கொடுப்பது மலிவு என்பதுதான் இந்தக் கணக்கு.

அந்த மாத்திரைகள் பலவகைப்படலாம். ஐபுப்ரொஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி நிவாரணிகள் வலியைத் தணிப்பதோடு உதிரப் போக்கையும் ஓரளவு குறைக்கும். அளவறிந்து, சாப்பாட்டுக்குப் பின், வைத்தியர் சொற்படி உட்கொண்டால் அவை நல்ல மருந்துகளே. வெறும் வயிற்றில், மாதா மாதம், கணக்கில்லாமல் விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். ஹார்மோன் மாத்திரைகள் வேறு ஜாதி. கோவில் திருவிழா, கிருஹப்பிரவேசம், தங்கை கல்யாணம் என்றால் 'நாள் தள்ளிப் போக' மருந்துக் கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அது இவ்வினத்தைச் சேர்ந்தது. ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் தம் தேரோட்டத்துக்காக ஒரு பெண் வைத்தியரைக் கேளாமல் மருந்து சாப்பிட வேண்டும் என்று விரும்புவார் என நாம் நம்பவில்லை.

இனி, குறைவு என்பது எது என்று பார்ப்போம். ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எல்லோருக்கும் இருபத்தெட்டு நாளாக இருக்க வேண்டுமென்பதில்லை. 24 முதல் 38 நாள் வரையில் இருக்கலாம். போக்கு எட்டு நாள் வரை நீடிக்கலாம். இரண்டு மூன்று நாளில் முடிவதும் இயல்பே. ஒரு தடவையில் வெளியேறும் உதிரம் சராசரியாக இரண்டு, மூன்று மேஜைக்கரண்டிதான். ஆகவே, முதலிலிருந்தே ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் சொற்பமாக இருந்து, அது ஒழுங்காக வந்துகொண்டும் இருந்தால், அது அவளுடைய உடல்வாகு. அதற்கு மருந்து வேண்டாம். எள்ளுருண்டையைத் தின்பண்டமாகத் தின்றால் போதும். கவனிக்க வேண்டியது மாறுதலை. ஐந்து நாள் இருந்தவளுக்கு ஒன்றாகி, மூன்று மாதம் அப்படியே நீடித்தால், அதற்குக் காரணம் தேட வேண்டும்.

'கெட்ட ரத்தம் தங்குகிறது' என்பது எவ்வாறு பிசகு? கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் ஒரு மெல்லிய படுகை வளர்கிறது. கரு தங்காவிட்டால் அந்தப் படுகை கழன்று உதிரத்தோடு வெளியேறுகிறது. படுகை மெல்லியதாக வளர்ந்தால் வெளியேறுவதும் சொற்பமாகத்தான் இருக்கும். விதைப்பு குறைந்த வயலில் அறுவடை குறைந்தால், மிச்ச நெல் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

படுகை ஏன் மெல்லியதாக வளர்கிறது? இயற்கையான காரணங்கள் சில உண்டு. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று வருஷங்களிலும், நாற்பதைக் கடந்து மாதவிடாய் முடிவை நெருங்கும் காலத்திலும் அளவு முன்னும் பின்னுமாக இருக்கும். கருத்தடை மாத்திரை, ஊசி, ஹார்மோன் கலந்த கருத்தடைச் சாதனம் ஆகியவற்றாலும் குறையும். அது எதிர்பார்த்த விளைவுதான். மணமான பெண்ணுக்கு வழக்கத்துக்கு மாறாகத் துளித்துளியாகப் பட்டு நின்றால், அது மாதவிடாயே அல்லாமல் கர்ப்பத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அத்துடன் அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் சேர்ந்தால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

சுரப்பிகளின் கோளாறு அடுத்தது. கழுத்திலுள்ள தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் போக்கு குறைவதுண்டு. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் கேள்விப்படும் கோளாறில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும். முகத்தில் ரோமம், பரு, எடை கூடுதல் ஆகியவையும் சேரலாம். இதை ஸ்டைன், லெவந்தால் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 1935-இல் விவரித்தார்கள். பிரசவத்தில் ஏராளமாக உதிரம் இழந்த தாய்க்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி உதிரமின்றிப் பழுதாகிவிடுவதுண்டு. பிறகு தாய்ப்பால் சுரப்பதில்லை, மாதவிடாய் திரும்புவதில்லை, எந்நேரமும் அசதி. இதை 1937-இல் ஷீஹன் என்ற ஆங்கில வைத்தியர் எடுத்துச் சொன்னார். "பிரசவத்துக்குப் பிறகு அவள் சோம்பேறியாகிவிட்டாள்" என்று வீட்டார் பழிக்கும் மருமகளுக்கு உண்மையில் இந்த வியாதி இருக்கலாம்.

கர்ப்பப்பையிலேயே கோளாறு இருக்கலாம். கருச்சிதைவுக்குப் பின் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது உட்சுவர்கள் காயப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு; ஆஷர்மன் 1948-இல் இதை விரிவாக எழுதினார். நம் தேசத்தில் மறக்கக் கூடாத மற்றொன்று காசநோய். அது நுரையீரலை மட்டும் பீடிப்பதன்று. இருமலே இல்லாமல் கர்ப்பப்பையையும் கருக்குழாய்களையும் தாக்கும். மாதவிடாய் குறைவதும், குழந்தை உண்டாகாமையுமே சில பெண்களிடம் அதன் வெளி அடையாளங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் தீரும். வருஷக்கணக்கில் 'மலடி' என்று பேசிக்கொண்டிருந்தால், தீர்க்கக்கூடிய காலம் போய்விடும்.

இவ்வளவையும் சொன்ன டாக்டர், நம் மாணவிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் செய்தார். தைராய்டில் குற்றமில்லை, காசநோய்க்கு அறிகுறியில்லை. ஹீமோகுளோபின் மட்டும் ஒன்பதுக்குக் கீழே இருந்தது. "அம்மா, உங்கள் பெண்ணின் உடம்பு சிக்கனம் பண்ணுகிறது. வேறொன்றுமில்லை" என்றாராம்.

சிக்கனம் என்ற சொல் பொருத்தமானது. உணவு குறைந்து, உழைப்பு மிகுந்து, உறக்கமும் கெட்டால், 'இந்த உடம்பு இப்போது ஒரு குழந்தையைத் தாங்காது' என்று மூளை தீர்மானித்துச் சினைப்பைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவை மறித்ததால் ஹாலந்து தேசத்து நகரங்களில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்து ரொட்டி கிடைத்தபின் அவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பி வந்தது. யுத்தமும் முற்றுகையும் இல்லாத ஓசூரில், மாதச் சம்பளம் வாங்கும் பெண், அதே பஞ்சத்தைத் தன் உடம்பில் சுமந்து திரிந்தாள் என்பதுதான் விசித்திரம். சம்பளத்தின் பெரும்பகுதி தம்பியின் கல்லூரிக்கும் வீட்டுக் கடனுக்கும் போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது.

உதிரம் குறைவாகப் போனால் உதிரம் மிச்சமாகும் என்று அவள் எண்ணியிருந்தாள். உணவில் இரும்புச் சத்தே வராவிட்டால் எதை மிச்சம் பிடிப்பது? 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு இரத்தச் சோகை. அதாவது, இரண்டு பெண்கள் சேர்ந்து நின்றால் ஒருத்திக்கு உண்டு. இந்தக் குறைவு வருஷக்கணக்கில் நீடித்தால், எலும்புக்கு உரமூட்டும் ஹார்மோனும் குறைந்து, வயது வருமுன் எலும்பு தேய்ந்துவிடும். ஆகவே, 'குறைந்தால் நல்லதுதானே' என்ற கேள்விக்கு விடை, 'ஏன் குறைந்தது என்று தெரிந்த பிறகே சொல்ல முடியும்' என்பதாகும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இரும்புச் சத்து மாத்திரை இருந்தது. மற்றவற்றை வாயால் சொன்னார். காலையில் வெறும் டீ கூடாது. சாப்பிட்டவுடனும் டீ கூடாது, அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. வீட்டிலிருந்து ராகி மாவு கொண்டு போக வேண்டும். முட்டையோ பயறோ கீரையோ தினம் ஒன்று வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையைத் தொடவே கூடாது. மூன்று மாதம் இரவு வேலையிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு சான்றிதழும் கொடுத்தார். களி தின்று வளர்ந்த பெண், விடுதியில் களியைக் கேலி செய்வார்கள் என்று வெட்கப்பட்டு ஒன்றரை வருஷமாக அதை ஒதுக்கியிருந்தாளாம்!

தொழிற்சாலைகளுக்கும் ஒரு வார்த்தை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தகுதியுள்ளவர் பொறுப்பில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. சூப்பர்வைசரின் சட்டைப் பை மருத்துவ அறையாகாது. அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கர்நாடக மந்திரி சபை 2025 அக்டோபரில், அரசாங்க, தனியார் ஸ்தாபனங்கள் இரண்டிலும் உள்ள பெண்களுக்கு மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுமுறை அளிக்கும் கொள்கைக்கு இசைவு தந்தது. பீகாரில் அரசாங்க ஊழியரான பெண்களுக்கு 1992-இலேயே மாதம் இரண்டு நாள் கிடைத்தது. விடுமுறை கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்று வாதிப்போரும் உண்டு. அந்தப் பயம் முற்றும் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அத்திப்பள்ளிக்கு அப்பால் பேச முடிந்த விஷயத்தை, இப்பால் ஓசூரில் வாய்விட்டுப் பேசவும் கூடாதா என்பதே நம் கேள்வி.

பேசாமையின் விலையை நம் மாகாணம் முன்பே கொடுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் வைத்தியர். ஆனால் ஆண் வைத்தியர் வருவதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை வைத்தியம் படிக்க அனுப்பியது. 1918-இல் வேலூரில் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி உண்டாயிற்று. இன்று ஒவ்வோர் ஊர் ஆஸ்பத்திரியிலும் லேடி டாக்டர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்கும் துணிவு மட்டும் இன்னும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேரவில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் இருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சி அதில் படத்தோடு விளக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பெண் படித்த வருஷத்தில் அந்தப் பாடத்தை நடத்தியவர் நாமே. நடத்தினோம் என்பது பெரிய வார்த்தை. தாவரங்களின் மகரந்தச் சேர்க்கையை மூன்று நாள் விஸ்தாரமாக விளக்கினோம். மனிதரைப் பற்றிய பக்கம் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு ஒரு மார்க்குத்தான் வரும்" என்று புத்தகத்தை மூடினோம். பையன்கள் சிரித்தார்கள், பெண்கள் தலையைக் குனிந்தார்கள். அன்று குனிந்த தலைகளில் ஒன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் குனிந்திருந்தது. மாத்திரையின் பெயரைக் கேட்க அவளுக்குத் தோன்றாததற்குச் சூப்பர்வைசர் மட்டும் காரணமல்ல.

நான்கு மாதம் கழித்து அவள் தாயார் மறுபடி வந்தாள். இம்முறை கையில் ஒரு பை நிறைய ராகி மாவு. எடை நாற்பத்து மூன்று கிலோவாம். மாதவிடாய் மூன்று நாளுக்குத் திரும்பியிருக்கிறதாம். கல்யாணப் பேச்சை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "வாத்தியார் சாருக்கும் சொல்லிடுங்க, அக்கா" என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னது, கூடத்தில் இருந்த நமக்கு நன்றாகக் கேட்டது. அந்தச் சேதியை அவள் நம் காது கேட்கச் சொன்னதே ஒரு முன்னேற்றம்.

வீட்டில் பெண் குழந்தைகள் உள்ள தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள் சிறியது. காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம். காஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கிறோம். பெண்ணுக்கு மாதவிடாய் வந்த தேதியையும், எத்தனை நாள் இருந்தது என்பதையும் அவளே ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். மூன்று மாதம் மாறுதல் தொடர்ந்தாலும், மூன்று மாதம் வராமலே போனாலும், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தகப்பன்மார்கள் முகத்தைச் சுளிக்காமல் பஸ் சார்ஜ் கொடுத்தால் போதும். கூடவே போனால் இன்னும் விசேஷம்.

இவ்வருஷம் அந்தப் பாடம் அடுத்த திங்கட்கிழமை வருகிறது. பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு பக்கம்கூடத் தாண்டாமல் நடத்துவதாக உத்தேசம். நண்பரின் மூன்றாவது பெண்ணும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.